உங்கள் பாட்டியின் பாட்டி பெயர் என்ன?

ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், மார்க்கு போட யாரும் வரப் போவதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து உங்கள் அம்மாவின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர். அதற்கும் கீழே அந்தப் பாட்டியைப் பெற்றவள் பெயர். அதற்கும் கீழே?

பேனா நின்றுவிட்டதா? எனக்கும் அங்கேதான் நின்றது. எங்கள் காரியாலயத்தில் ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கொள்ளுத் தாத்தா பெயரை இரண்டு பேர் சொன்னார்கள். கொள்ளுப் பாட்டி பெயரை ஒருவரும் சொல்லவில்லை. "அவங்க நல்லா முறுக்கு சுத்துவாங்களாம்" என்றார் ஒருவர். முறுக்கு நினைவிருக்கிறது, சுற்றிய கையின் பெயர் போய்விட்டது!

இதில் நம் குற்றம் மட்டும் இல்லை. ஆண்களின் பெயர் பத்திரத்தில் இருக்கும், பட்டாவில் இருக்கும், பேரனுக்கு இட்ட பெயரிலும் இருக்கும். பெண்ணுக்கோ பிறந்த வீட்டில் அப்பாவின் இனிஷியல், புகுந்த வீட்டில் புருஷன் இனிஷியல். கல்யாணத்தோடு பழைய தடம் அழிந்துவிடுகிறது. ஆகவே குடும்பக் கதையை எழுதி வைக்கும் வேலையைப் பெண்களாகிய நாம் எடுத்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது அல்லவா?

இந்த வேலையில் நான் இறங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பரணில் கிடைத்த தவலை

2024 டிசம்பர் கடைசியில், பொங்கலுக்காக வீடு ஒழித்துக்கொண்டிருந்தோம். பரணிலிருந்து ஒரு பித்தளைத் தவலை இறங்கியது. காலஞ்சென்ற என் பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்து வந்த தவலை அது. கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர். அதன் அருகே "சித்திரபானு வைகாசி."

அந்தப் பெயருடையவர் எங்கள் வீட்டில் யாருமே கிடையாது. அப்பாவைக் கேட்டேன். "தெரியாதும்மா, பழைய பாத்திரம்" என்றார். நான் விடவில்லை. சித்திரபானு எந்த வருஷம் என்று கணக்குப் பார்த்தேன். 1882 என்று வந்தது. அடேயப்பா! அப்படியானால் இது தாத்தாவின் பாட்டியினுடைய சீர்ப் பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். புது நோட்டு ஒன்று வாங்கி, வம்சத்தின் உச்சியில் அந்தப் பெயரை அழகாக, மையினால் எழுதியும் விட்டேன்.

எவ்வளவு பெரிய தவறு செய்திருந்தேன் என்பது பத்து நாளில் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது நீங்கள் ஆரம்பிக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது ரூபாய் நோட்டும் ஒரு பென்சிலும் போதும். ஆதிமூலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அது கூடாது. உங்களிடமிருந்து தொடங்குங்கள். நீங்கள், பிறகு அப்பா அம்மா, பிறகு இரு தரப்புத் தாத்தா பாட்டி என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போனால் வழி தவறாது.

ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், பிறந்த, மணந்த, மறைந்த காலங்கள், செய்த தொழில், பெற்ற குழந்தைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிழைக்காமல் போன குழந்தைகளையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தின் அடியில், "இதைச் சொன்னவர் இன்னார், சொன்ன தேதி இது" என்று ஒரு வரி அவசியம். நாளைக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், யார் எதை நேரில் பார்த்தவர் என்று தீர்மானிக்க அந்த ஒரு வரிதான் உதவும். சந்தேகமானதைப் பென்சிலிலேயே வைத்திருங்கள்.

வீட்டுப் பெயர் முக்கியம் என்றேனே, காரணம் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். தாத்தா எது, பேரன் எது என்று குழம்பிவிடும். "பெரியவர்", "சின்னத்தம்பி", "பாப்பா" என்ற செல்லப் பெயர்கள்தான் அப்போது கை கொடுக்கும்.

இன்னொரு வேடிக்கை. வெளிநாட்டார் அச்சிட்டு விற்கும் வம்சப் படங்களில் தாய் தந்தை 2, பாட்டன் பாட்டி 4, அதற்கு மேலே 8 என்று கிளைகள் ஒழுங்காகப் பிரியும். நம் வீட்டுக் கல்யாணங்கள் அப்படியா? அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்றால் 8 பேருக்குப் பதில் 6 பேர்தான் வருவார்கள். மாமனையே மணந்த வீட்டில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் உட்காருவார். பயப்பட வேண்டாம். அவரை ஒரு முறை மட்டும் எழுதி, இரண்டு பக்கமும் கோடு இழுத்துவிடுங்கள்.

கேட்கத் தெரிய வேண்டும்

வீட்டுப் பெரியவரிடம் போய், "பாட்டி, உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன வரலாறு வேண்டிக் கிடக்கு? அடுப்பும் பிள்ளையுமா ஓடிப் போச்சு" என்பார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அவரைக்காய் நார் உரிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகப் பேசும். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். "தண்ணீர் எங்கிருந்து எடுத்து வருவீர்கள்?" "கல்யாணத்துக்கு என்ன நிறப் புடைவை?" "புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன சமைத்தீர்கள்?" "உங்கள் அம்மாவை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?" ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்தால் இன்னும் விசேஷம். எட்டுப் பேரின் பெயரை அவராகவே சொல்லுவார்.

அனுமதி கேட்டுக்கொண்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். இப்போதுதான் வீட்டுக்கு நாலு செல்போன் இருக்கிறதே! மின்விசிறிச் சத்தமும் தொலைக்காட்சிச் சத்தமும் இல்லாத இடமாக உட்காருங்கள். ஆரம்பத்தில் தேதியையும், பேசுபவர் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வயசானவர்கள் களைத்துப் போவார்கள். பதிவை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஒரு செல்போன் தண்ணீரில் விழ எத்தனை நேரம் ஆகும்?

நடுவில் திருத்தாதீர்கள். "இல்லை பாட்டி, அது சித்தப்பா கல்யாணம்" என்று குறுக்கே விழுந்தால் கதை அறுந்துவிடும். அழுதால் பேசாமல் இருங்கள். "இது வேண்டாம்" என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

வருஷம் தெரியாவிட்டால்?

பெரியவர்களுக்குத் தேதி நினைவிராது. ஆனால் சம்பவம் நினைவிருக்கும். "தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார்" என்றால் அது 1876-78. "வால் நட்சத்திரம் தெரிந்தபோது" என்றால் 1910 ஆக இருக்கலாம். "எம்டன் குண்டு போட்டபோது அம்மா கைக்குழந்தையாம்" என்றால் 1914 செப்டம்பர். காவேரிப் பெருவெள்ளம் 1924. பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே வந்ததும், குண்டுக்குப் பயந்து சென்னைவாசிகள் ஊர் ஊராக ஓடியதும் 1942. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். இந்த வருஷங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் அப்போது நடக்கிற குழந்தையா, பள்ளிக்கூடம் போகிற குழந்தையா?" என்று ஒரு கேள்வி கேட்டால் வயசு வந்துவிடும்.

ஜாதகத்திலும் பாத்திரத்திலும் தமிழ் வருஷப் பெயர்தான் இருக்கும். பிரபவ முதல் அக்ஷய வரை அறுபது பெயர்கள்; அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றிலும் பிறந்தது. ஆகவே எந்தச் சுற்று என்பதை வேறு ஆதாரம் கொண்டுதான் தீர்க்க வேண்டும். மேலும் தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. பிரபவ வருஷத்துத் தை மாதம் என்றால் 1927 அல்ல, 1928.

வீட்டுக்குள்ளே புதையல்

அலைய வேண்டியதே இல்லை. முதலில் பீரோவையும் பரணையும் பாருங்கள்.

பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் பழக்கம். வேறெங்கும் பதிவாகாத பெண்களின் பெயர்கள் பித்தளையில் பதிந்திருக்கும்.

மொய் நோட்டு இருக்கிறதா? ஐந்து ரூபாய் எழுதியவர், பத்து ரூபாய் எழுதியவர் என்று சிரித்துவிட்டு மூடிவிடாதீர்கள். உறவினர் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும். நாற்பது வருஷத்துக்கு முந்திய உறவுப் படம் அது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தா பெயரும் பூர்வீக ஊரும் அச்சாகியிருக்கும். நிலப் பத்திரங்களில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு குடும்பமே அதில் இருக்கும். தபால் கார்டுகளின் முத்திரையில் ஊரும் தேதியும் தெரியும். ரங்கூன், மலாயா என்று கடல் கடந்தவர்கள் வீட்டிலும், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்கள் வீட்டிலும் பழைய பாஸ்போர்ட்டைத் தேடுங்கள்.

போட்டோக்களின் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் ஊர் தெரியும். பெயர்களை எழுதுவதானால் மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்டு பேனா முன்பக்கத்தில் தடம் விடும். பிளாஸ்டிக் தாள் ஒட்டி "லாமினேஷன்" செய்வது வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. வெயில் படாத வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைத் துணி சுற்றி உள்ளே வையுங்கள்.

குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். குடும்பம் எங்கெங்கோ போனாலும் தெய்வம் பழைய ஊரிலேயே இருக்கும். அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்வார்கள். அருகில் இருந்து எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வெளியே

பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969-ல் வந்தது. அதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் 1899-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஆகையால் நகரசபையிலோ தாலுகா காரியாலயத்திலோ பழைய பதிவு அகப்படலாம். ஒன்று மட்டும் கவனம்: அநேகப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இராது. "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் இருக்கும் பிறந்த தேதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியாரே ஒரு தேதி போட்ட காலம் அது. ஜாதகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நில விவரங்களுக்குப் பதிவுத் துறை அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கலாம். இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் பெரிய உதவி. முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம். ஹரித்வாரத்துப் பண்டாக்கள் யாத்திரிகர் குடும்பங்களை ஊர்வாரியாகத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருப்பது பிரசித்தம்.

இதெல்லாம் பெரிய மனிதர்களுக்கு அல்லவா என்று நினைக்காதீர்கள். உ. வே. சாமிநாதையர் தம் சுய சரித்திரத்தை 1940-லிருந்து வாரப் பத்திரிகையில் எழுதியபோது, ஏடு தேடிய பெருமையிலிருந்தா ஆரம்பித்தார்? தம்முடைய ஊரையும் முன்னோர்களையும் சொல்லித்தான் ஆரம்பித்தார். 1942-ல் அவர் காலமானபோது அது முற்றுப் பெறவில்லை. இருந்தாலும் என்ன? எழுதியவரை நமக்கு லாபம்தானே?

சொல்லலாமா, கூடாதா?

தேடப் போனால் எல்லாம் இனிப்பாக இருக்காது. பேச்சு வார்த்தை நின்ற கதை, சொத்துத் தகராறு, வீட்டை விட்டுப் போனவர், சீக்கிரம் போன குழந்தை எல்லாம் வரும். உயிரோடு இருப்பவர் மனம் நோகும் விஷயத்தை ஊருக்குச் சொல்லாதீர்கள். எழுதி உறையில் போட்டு, "இத்தனை வருஷம் கழித்துப் பிரிக்கவும்" என்று வைத்துவிடலாம். ஆனால் ஒருவரை அடியோடு விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுத் தவலையே சாட்சி.

அத்தைப் பாட்டி சொன்னது

ஜனவரி முதல் வாரத்தில், தாத்தாவின் தங்கையைப் பார்க்கப் போனேன். 88 வயசு. கண் மங்கல், காது சுத்தம். தவலையைக் கொண்டு போய் மடியில் வைத்தேன். விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவினார். வெகு நேரம் பேசவில்லை.

"இது எங்கேடி இருந்துச்சு?"

"பரண் மேலே, பாட்டி. 1882-ல் வந்த சீர். உங்கள் பாட்டியுடையதா?"

"அடி பைத்தியக்காரி! எங்க பாட்டியாவது! இது உன் தாத்தாவோட மொத சம்சாரம் கொண்டு வந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவுக்கு இரண்டு கல்யாணம் என்பது அப்பாவுக்கே தெரியாது!

"அந்தக் கல்யாணம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு கண்ணு. ஆறு வயசு. பட்டணத்துக்காரங்க எல்லாம் குண்டுக்குப் பயந்து ஊருக்கு வந்திருந்த சமயம். பந்தல் கொள்ளாத கூட்டம். அண்ணிதான் எனக்குத் தினமும் தலை வாரி விடுவாங்க. மூணு வருஷம். பிரசவத்துல போயிட்டாங்க. பிள்ளையும் தங்கலே."

பட்டணம் காலியானது 1942. சித்திரபானுவும் 1942-லேயே திரும்பி வருகிறது. நான் ஒரு முழுச் சுற்று, அறுபது வருஷம், பின்னால் போய் நின்றிருந்தேன்! 

"எங்க பாட்டிக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? பொங்கலுக்கு முந்தி வீட்டுச் சாமிக்குப் புதுப் புடைவையும் வளையலும் பூவும் வெச்சுக் கும்பிடறீங்களே, அது யாருக்குன்னு நெனச்சே? உன் பாட்டி வாழ வந்த மொத வருஷமே, தன் கையால அந்தப் புடைவையை எடுத்து வெச்சா. இவளுக்கு ஒரு போட்டோகூட இல்லையே, இதாவது இருக்கட்டும்னா."

நினைவு தெரிந்த நாளாக அந்தப் புடைவைக்கு முன் விழுந்து கும்பிட்டவள் நான். யாருக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பாட்டியும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அந்தப் பெயரைப் புளி போட்டுத் தேய்த்துத் துலக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். மையினால் எழுதியதை அடித்துவிட்டு, தாத்தாவின் பக்கத்திலேயே, பாட்டிக்கு அருகில், சரியான இடத்தில் எழுதினேன். அந்தக் குழந்தைக்கும் ஒரு வரி. சொன்னவர்: அத்தைப் பாட்டி. அந்த வருஷம் புடைவை வைத்துப் படைத்தபோது அப்பா முதல் தடவையாகப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது எங்கள் வீட்டு நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு தவலை இருக்கும். அதைப் பற்றிச் சொல்லக் கூடியவர் ஒருவர் இன்னும் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த பலகாரம் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போங்கள். நிறையக் கேட்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்கள் அம்மா பெயர் என்ன பாட்டி?"

பென்சிலை மட்டும் மறந்துவிடாதீர்கள்!